பூசுற கை இருக்கிற வரைக்கும்தான் சுவர்



கோடை உழவு முடிஞ்சு கை கொஞ்சம் ஓய்வா இருக்கு. அதனால இந்தத் தடவை விதை, உரம், விலை எல்லாத்தையும் ஒதுக்கி வச்சுட்டு ஒரு மண் கட்டடத்தோட சரித்திரத்தை எழுதலாம்னு உட்கார்ந்தேன். கட்டடம் நம்ம நாட்டுல இல்லை, ஆப்பிரிக்காவுல இருக்கு. படிச்சுக்கிட்டு வரும்போது நம்ம ஊர்ச் சாவடி ஞாபகத்துக்கு வந்தா அதுக்கு நான்தான் பொறுப்பு. ஏன்னு கடைசியில சொல்றேன்.

மேற்கு ஆப்பிரிக்காவில் மாலி என்று ஒரு நாடு. அதன் நடுப்பகுதியில் நைஜர் ஆறு கிளை கிளையாகப் பிரிந்து பெரிய வெள்ளச் சமவெளியை உண்டாக்குகிறது. நைஜரில் சேரும் பானி என்ற ஆற்றின் பக்கத்தில் ஜென்னே என்று ஒரு பழைய ஊர். வெள்ளக் காலத்தில் ஊரைச் சுற்றித் தண்ணீர் சூழ்ந்து தீவு மாதிரி ஆகிவிடும். அங்கே நெல் விளைகிறது, மீன் பிடிக்கிறார்கள், ஆடு மாடு மேய்க்கிறார்கள். திங்கட்கிழமை திங்கட்கிழமை சந்தை. சந்தைத் திடலுக்கு எதிரே நிற்பதுதான் நான் சொல்ல வந்த கட்டடம், ஜென்னே பெரிய பள்ளிவாசல். உலகத்திலேயே மிகப் பெரிய மண் கட்டடங்களில் ஒன்று.

மண் கட்டடம் என்றதும் குடிசை அளவுக்கு நினைத்துவிடாதீர்கள். தரையிலிருந்து சுமார் 3 மீட்டர் உயரத்துக்கு மேடை எழுப்பி, அதன்மேல் கட்டியிருக்கிறார்கள். மேடையே பக்கத்துக்கு 75 மீட்டர். ஆறு பெருகினாலும் சுவரின் அடியைத் தண்ணீர் தொடக்கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. முன்பக்கம் மூன்று கோபுரங்கள். நடுக் கோபுரம் சுமார் 16 மீட்டர், அதாவது ஐந்து மாடி உயரம். ஒவ்வொன்றின் உச்சியிலும் தீக்கோழி முட்டை வைத்திருக்கிறார்கள். வளமைக்கும் தூய்மைக்கும் அடையாளமாம். உள்ளே கூரையைத் தாங்க 90 தூண்கள். சுவரெல்லாம் மண்கல். மேல்பூச்சும் மண்தான்.

இப்போ நமக்குப் பழக்கமான விஷயத்துக்கு வருவோம். அந்தச் சுவரிலிருந்து வரிசை வரிசையாகக் கட்டைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். படத்தில் முதல்முறை பார்த்தபோது முள்ளம்பன்றி மாதிரி இருக்கேன்னுதான் எனக்குத் தோணுச்சு. அந்தக் கட்டையெல்லாம் பனை! ஆப்பிரிக்கப் பனை, நம்ம பனைமரத்துக்குத் தாயாதி, ஒரே பேரினம். நம்ம தாத்தாக்கள் பனங்கை அறுத்து ஓட்டுக்கூரை போட்ட மாதிரி, அவர்கள் அதைக் கத்தை கத்தையாகச் சுவரில் செருகிவிட்டார்கள். அங்கே அதற்குத் தோரோன் என்று பெயர். பார்க்க அழகு, அது ஒரு பயன். பெரிய பயன் வேறு. சுவரைப் பூச வரும் ஆட்கள் ஏறி நிற்க அதுதான் சாரம். சாரம் கட்டும் வேலையே கிடையாது. கட்டும்போதே நிரந்தரமாகச் சாரத்தையும் சேர்த்துக் கட்டிவிட்டார்கள்.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. சாரத்தோட ஒரு கட்டடத்தைக் கட்டினவன் மனசுல என்ன இருந்திருக்கும்? "இது ஒரு நாள்ல முடியிற வேலை இல்லை, வருஷா வருஷம் வந்து ஏறணும்" என்பதுதானே. கட்டடத்தின் முகத்தோற்றத்தையே பராமரிப்பு தீர்மானித்திருக்கிறது. இதைத்தான் இந்தக் கட்டுரை முழுக்கச் சொல்லப் போறேன்.

பூசும் நாள்

மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால் வருஷத்துக்கு ஒருமுறை பள்ளிவாசலைப் பூசுகிறார்கள். அன்று ஊரே திருவிழா. அதற்குப் பல நாள் முன்பே வேலை ஆரம்பமாகிவிடும். ஆற்று வண்டல் மண்ணைக் கொண்டுவந்து குழியில் கொட்டி, நெல் உமியைக் கலந்து, தண்ணீர் விட்டுப் புளிக்க வைப்பார்கள். அவ்வப்போது மிதித்துக் கிளற வேண்டும். அந்த வேலை சின்னப் பையன்களுக்கு. பையன்களுக்கு வேலைன்னு சொல்லவே வேண்டாம், சேற்றில் இறங்கி ஆடச் சொன்னால் போதுமே!

உமி எதற்கு என்பது நம் ஆட்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வெறும் களிமண் காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். உமியோ வைக்கோலோ சேர்ந்தால் மண்ணைப் பிடித்து நிறுத்தும். சில நாள் புளித்த மண் பசை கூடி வழவழப்பாகப் பூச வரும். நம் பக்கம் குதிருக்கும் அடுப்புக்கும் மண் மிதித்த பாட்டிமார்கள் கையில் இருந்த அதே கணக்கு. எத்தனையோ ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி, நெல் விளையுற இன்னொரு ஊர்ல, அதே குப்பையில் போகிற உமியை வச்சு அதே பதில்.

பூசும் நாளன்று மண்ணை முதலில் பள்ளிவாசலுக்குக் கொண்டு சேர்ப்பது யார் என்று ஓட்டப்பந்தயம் நடக்கும். இளவட்டங்கள் கூடையில் மண் சுமந்து ஓடுவார்கள். பெண்களும் சிறுமிகளும் தண்ணீர் சுமப்பார்கள். ஊர்க் கொத்தனார்கள் சங்கத்தின் ஆட்கள் நின்று வேலையை நடத்துவார்கள். பாரே தோன் என்பது அந்தச் சங்கத்தின் பெயர். பனங்கட்டைகளில் தொற்றி ஏறி, கையாலேயே மண்ணை அப்பித் தேய்ப்பார்கள். வயசானவர்கள் சந்தைத் திடலில் மரியாதையான இடத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் காலத்தில் அவர்கள் பூசியாச்சு, இப்போது அடுத்த தலைமுறையின் முறை.

கொத்தனார் தொழிலுக்கும் அங்கே தனி வழக்கம் உண்டு. ஒவ்வொரு குடும்பத்துக்கும் இன்ன கொத்தனார் என்று பரம்பரையாக வரும். உங்க தாத்தா வீட்டைக் கட்டினவரின் பேரன்தான் உங்க வீட்டையும் பார்ப்பார். டிரெவர் மார்சண்ட் என்கிற மானுடவியல் ஆய்வாளர், ஜென்னேயில் கொத்தனார்களிடம் கூலியாளாகச் சேர்ந்து வேலை செய்து, அந்த அனுபவத்தை வைத்து அவர்களைப் பற்றி ஒரு புத்தகமே 2009-ல் கொண்டுவந்தார். சுவர் எழுப்பும் வித்தையோடு, வீட்டைக் காக்கும் மந்திரமும் கொத்தனாருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது அந்த ஊர் நம்பிக்கை. நம்ம பக்கம் வாசக்கால் வைக்கும்போது நவதானியமும் காசும் போட்டு ஆசாரிக்கும் கொத்தனாருக்கும் வேட்டி துண்டு கொடுக்கிறோமே, அந்த மாதிரி வச்சுக்குங்க.

இடிக்கவில்லை, பூசாமல் விட்டார்கள்

இனி சரித்திரம். இப்போது நிற்கும் கட்டடம் 1907-ல் கட்டி முடித்தது. "அட, நூறு வருஷத்துக் கட்டடம்தானா"ன்னு கேட்காதீங்க. அதே இடத்தில் அதற்கு முன்னாலும் பள்ளிவாசல் இருந்தது. 13-ஆம் நூற்றாண்டு வாக்கில் இஸ்லாத்துக்கு மாறிய கோய் கொன்போரோ என்ற அரசர் முதலில் கட்டினார் என்பது ஊரில் வழிவழியாக வரும் செய்தி.

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேக்கு அமாது என்ற ஃபுலானித் தலைவர் ஜென்னேயைப் பிடித்தார். மார்க்கத்தில் கண்டிப்பானவர். பழைய பள்ளிவாசல் அவருக்குப் பிடிக்கவில்லை. அதற்காக அவர் அதை இடிக்கவில்லை. பராமரிக்காமல் விட்டுவிட்டார். அவ்வளவுதான் செய்தது. 1828-ல் ரெனே காயே என்கிற பிரெஞ்சுப் பயணி அங்கே போனபோது, ஆள் புழங்காமல் உள்ளே தகைவிலான் குருவிகள் ஆயிரக்கணக்கில் கூடு கட்டிக் கிடந்ததை எழுதி வைத்திருக்கிறார். சேக்கு அமாது 1830-களில் பக்கத்திலேயே வேறு பள்ளிவாசல் கட்டிக்கொண்டார். 1893-ல் பிரெஞ்சுக்காரர்கள் ஜென்னேயைப் பிடித்தார்கள். கொஞ்ச காலம் கழித்து அங்கே வந்த ஃபெலிக்ஸ் துபுவா என்கிற பத்திரிகையாளர் பார்த்தது இடிபாடுகளைத்தான்.

மண் கட்டடத்தை அழிக்க கடப்பாரை வேண்டாம் என்பதைச் சேக்கு அமாது நன்றாகப் புரிந்து வைத்திருந்தார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பூசுற கையை நிறுத்தினால் போதும், மிச்சத்தை மழை பார்த்துக்கொள்ளும்.

1906, 1907-ல் பிரெஞ்சு ஆட்சியின் கீழ் திரும்பக் கட்டினார்கள். வேலையை நடத்தியவர் கொத்தனார் சங்கத் தலைவர் இஸ்மாயிலா திராவோரே. கட்டாய உழைப்பில்தான் கட்டியிருக்க வேண்டும் என்கிறார்கள். வடிவம் யாருடையது என்பதில் பல வருஷமாக வாக்குவாதம். துபுவா 1910-ல் திரும்ப வந்து பார்த்துவிட்டு, இதில் பிரெஞ்சுக்காரன் கை இருக்கு என்று கேலி செய்தார். ஆனால் பிற்பாடு நுணுக்கமாக ஆராய்ந்த ஜான் லூயி பூர்ஷுவா போன்றவர்கள், இது அடிப்படையில் ஆப்பிரிக்கக் கட்டடம்தான், கொத்தனார்களின் சொந்த வேலைதான் என்று வாதிட்டிருக்கிறார்கள். என் சிற்றறிவுக்கு எட்டியது என்னன்னா, முதல் வருஷம் வரைபடம் யாருடையதாக இருந்தாலும், அதற்கப்புறம் நூற்றுச் சொச்சம் தடவை அந்த ஊர்க் கைகள் அதைத் தடவி வழித்திருக்கின்றன. சுவரின் ஒவ்வொரு மொழுமொழுப்பும் அந்தக் கைகளின் வடிவம்தான். இனி அது யாரோடதுன்னு கேட்கிறதுல என்ன இருக்கு?

இன்னொரு சின்ன சங்கதி. அந்தக் காலத்தில் ஜென்னேக் கொத்தனார்கள் கையால் உருட்டிய உருளை வடிவ மண்கல்லை வைத்துத்தான் கட்டினார்கள். அதற்கு ஜென்னே-ஃபெரே என்று பெயர். 1930-கள் வாக்கில் மரச்சட்டத்தில் அடித்த செவ்வகக் கல் வந்தது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் தூபாபு-ஃபெரே, அதாவது வெள்ளைக்காரன் கல். இன்றைக்குப் பெரும்பாலும் அந்த வெள்ளைக்காரன் கல்லில்தான் கட்டுகிறார்கள். பாரம்பரியம் என்றால் எதையும் மாற்றாமல் இருப்பது என்று நினைக்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். வேலைக்கு ஒத்துவந்ததை எடுத்துக்கொண்டார்கள், பெயரில் மட்டும் கணக்கை வைத்துக்கொண்டார்கள். நம்ம ஊர்ல சீமை ஓடு, சீமைச் சுண்ணாம்புன்னு சொல்றமே, அதே கதைதான்.

பெரிய மனுஷன் கட்டிக் கொடுத்த ஊர்

இதற்கு நேர்மாறாக ஒரு கதை எகிப்தில் நடந்தது. அதையும் சொன்னால்தான் கணக்கு நேராகும்.

ஹசன் ஃபாத்தி, 1900-ல் பிறந்த எகிப்தியக் கட்டடக் கலைஞர். ஏழைக்குச் சிமெண்டும் இரும்பும் கட்டாது, காலடியில் இருக்கும் மண்ணிலேயே நல்ல வீடு கட்டலாம் என்று வாழ்நாள் முழுக்கச் சொன்னவர். எகிப்தின் தென்கோடியில், அஸ்வான் பக்கம், நூபியக் கொத்தனார்கள் சாரமும் மரச்சட்டமும் இல்லாமல் வெறும் மண்கல்லில் வளைவுக் கூரை போடுவதைப் பார்த்து அசந்துபோனார்.

நைல் ஆற்றின் மேற்குக் கரையில், லக்சருக்கு எதிரே, குர்னா என்று ஒரு ஊர். பழங்கால அரசு அதிகாரிகளின் கல்லறைகளுக்கு மேலேயே மக்கள் வீடு கட்டிக் குடியிருந்தார்கள். கல்லறைப் பொருள்களை எடுத்து விற்பது சிலருக்குப் பிழைப்பு. ஒரு பெரிய திருட்டு நடந்த பிறகு, ஊரையே கீழே விளைநிலப் பக்கம் மாற்றிவிட எகிப்தின் தொல்பொருள் துறை முடிவு செய்து, 1945-ல் அந்தப் பொறுப்பை ஃபாத்தியிடம் கொடுத்தது. ஊர் ஜனம் சுமார் 7,000 பேர்.

மனுஷன் அருமையாகத்தான் செய்தார். நூபியக் கொத்தனார்களை வரவழைத்தார். ஒரே அச்சில் வார்க்காமல் வீட்டுக்கு வீடு வேறு வடிவம் கொடுத்தார். பள்ளிவாசல், சந்தை, பள்ளிக்கூடம், நாடக அரங்கு, புறாக்கூண்டுகூட யோசித்து வைத்தார். ஆனாலும் புது குர்னா கால்வாசி, மூன்றில் ஒரு பங்கோடு நின்றுபோனது. 1948-க்கு அப்புறம் வேலை நடக்கவில்லை. மக்கள் வர மறுத்தார்கள். வெள்ளத்தைத் தடுக்கும் கரையை வெட்டிவிட்டு ஊரை மூழ்கடிக்கப் பார்த்த சம்பவமும் நடந்தது.

காரணம் என்ன? முதல் காரணம் பிழைப்பு. கல்லறையும் சுற்றுலாக்காரனும் இருக்கிற மேட்டை விட்டு இறங்கினால் சோற்றுக்கு என்ன வழி? இரண்டாவது காரணத்தை நிறையப் பேர் கவனிப்பதில்லை. ஃபாத்தி எடுத்துக்கொண்ட வளைவுக் கூரையும் குவிமாடமும் நூபியர்களின் பாரம்பரியம். குர்னாக்காரர்களுக்கு அது வீட்டுக் கூரை இல்லை. அந்தப் பக்கத்தில் குவிமாடம் என்றால் பெரும்பாலும் மகான்களின் சமாதி மேல் இருப்பது. மண் நம்ம மண்தான், வழக்கம் அடுத்தவன் வழக்கம். கும்பகோணத்துக்காரனுக்கு நீலகிரித் தோடர் வீட்டைக் கட்டிக்கொடுத்து "இது உன் பாரம்பரியம்"னு சொன்னா ஏத்துக்குவானா?

ஃபாத்தி இந்தத் தோல்வியை மறைக்கவில்லை. என்ன நடந்தது என்று புத்தகமாகவே எழுதினார். பின்னாளில் உலகம் முழுக்க மண் கட்டடக்காரர்களுக்கு அது வேதம் மாதிரி ஆனது. 1980-ல் மாற்று நோபல் என்று சொல்கிற ரைட் லைவ்லிஹுட் விருதை அவருக்குக் கொடுத்தார்கள். புத்தகம் வாழ்ந்தது, ஊர் வாழவில்லை. அங்கே வீடுகள் உப்புநீர் ஏறிச் சிதைந்தன. பலது போய் கான்கிரீட் வந்துவிட்டது.

ஊர்ப் பிள்ளை திரும்பி வந்து கட்டிய பள்ளிக்கூடம்

மாலிக்கு அடுத்த நாடு புர்கினா ஃபாசோ. அங்கே காந்தோ என்று ஒரு கிராமம். ஊர்த் தலைவரின் மகன் ஃபிரான்சிஸ் கெரே, 1965-ல் பிறந்தவர். ஊரில் பள்ளிக்கூடம் கிடையாது. ஏழு வயசில் வீட்டை விட்டு வெளியூர் போய்ப் படித்தார். தச்சு வேலை படிக்க ஜெர்மனிக்குப் போனார், அப்புறம் பெர்லினில் கட்டடக்கலை படித்தார். படிக்கும்போதே பணம் திரட்டி, 2001-ல் தன் ஊருக்கு ஒரு ஆரம்பப் பள்ளி கட்டினார்.

மண்ணில் கட்டலாம் என்றதும் ஊர்க்காரர்களே ஒப்புக்கொள்ளவில்லையாம். மண் சுவர் ஒரு மழைக்குத் தாங்காது, ஜெர்மனியில் படித்தவன் நமக்கு எதற்கு மறுபடியும் மண்ணைக் காட்டுகிறான் என்று கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்விதானே. மண் வீட்டில் ஒழுகிக் கஷ்டப்பட்டவனுக்குத்தான் கான்கிரீட்டின் அருமை தெரியும். கெரே உபதேசம் பண்ணவில்லை. மண்கல்லில் வளைவு கட்டி அதன்மேல் ஏறி நின்று காட்டினார். மண்ணோடு கொஞ்சம் சிமெண்ட் சேர்த்து அழுத்திக் கல் செய்தார். தகரக் கூரையைச் சுவர்மேல் நேராக வைக்காமல், சாதாரண கம்பியை வளைத்துப் பற்றவைத்த சட்டத்தின்மேல் தூக்கி நிறுத்தினார். அடியில் துளை விட்ட செங்கல் தளம். சூடு மேலேயே வெளியேறிவிடும், மழை சுவரைத் தொடாது.

வேலையை ஊர்தான் செய்தது. பிள்ளைகள் கல் பொறுக்கி வந்தார்கள். பெண்கள் தண்ணீர் சுமந்தார்கள், தரையை வழக்கப்படி மணிக்கணக்கில் தட்டித் தட்டிக் கெட்டியாக்கி மெருகு ஏற்றினார்கள். பிற்பாடு ஒரு நூலகம் தொடங்கியபோது, ஊர்ப் பெண்களின் மண்பானைகளை வெட்டிக் கூரையில் பதித்து வெளிச்சமும் காற்றும் வரச் செய்தார். பள்ளிக்கு 2004-ல் ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது. 2022-ல் கெரேக்கு பிரிட்ஸ்கர் விருது. அதை வாங்கிய முதல் ஆப்பிரிக்கர் அவர்தான்.

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்றும் மண்தான். ஜென்னேயில் ஊரே பூசுகிறது, நிற்கிறது. காந்தோவில் ஊர் சந்தேகப்பட்டது, கேள்வி கேட்டது, பிறகு சுமந்தது, நிற்கிறது. குர்னாவில் முடிவெடுத்ததும் வடிவம் கொடுத்ததும் வெளி ஆட்கள். அது நிற்கவில்லை. ஆக, பாரம்பரியம் மண்ணில் இல்லை, வடிவத்தில்கூட இல்லை. "இது எங்க வேலை" என்று ஒரு ஊர் நினைக்கிறதில் இருக்கிறது.

எல்லாம் பொன் இல்லை

ஜென்னேயை ரொம்பப் புகழ்ந்துட்டேன். மறுபக்கத்தையும் சொல்லணும்.

1988-ல் யுனெஸ்கோ ஜென்னேயை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பெருமைதான். ஆனால் அதற்கப்புறம் பழைய வீட்டுக்காரன் தன் வீட்டை நினைத்தபடி மாற்ற முடியாது. மண் தரை வேண்டாம், ஓடு பதிக்கணும், அறையைப் பெரிசாக்கணும் என்றால் முடியாது. வருஷா வருஷம் பூசும் செலவு மட்டும் அவன் தலையில். பார்க்க வருகிறவனுக்கு அழகு, குடியிருப்பவனுக்குச் சுமை. 2006-ல் பள்ளிவாசல் கூரையைச் சீரமைப்புக்காக வெளி ஆட்கள் சோதித்தபோது, முன்கூட்டி எதுவும் சொல்லாமல் தங்கள் பள்ளிவாசலில் கை வைக்கிறார்கள் என்று ஊரே கொதித்துக் கலவரம் ஆனது. 2009 நவம்பரில் ஒரே நாளில் 75 மில்லிமீட்டர் மழை கொட்டி, தெற்குக் கோபுரத்தின் மேல்பகுதி சரிந்து விழுந்தது. அதைத் திரும்பக் கட்டப் பணம் கொடுத்தது வெளி அமைப்புதான். 2016-ல் யுனெஸ்கோ ஜென்னேயை ஆபத்தில் உள்ள சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. சுற்று வட்டாரத்தில் சண்டை, பாதுகாப்பு இல்லை.

ஆக, ஊர் கூடினால் எல்லாம் நடந்துவிடும் என்றும் சொல்ல முடியாது. பணமும் வேண்டும், பொறியாளரும் வேண்டும். ஆனால் ஊரைக் கேட்காமல் வருகிற பணம் கல்லெறி வாங்கும்.

நம்ம பக்கத்துக்கும் இந்தக் கணக்கு உண்டு. கண்மாய், வாய்க்காலைத் தூர்வார ஊரே ஆள் அனுப்பும் குடிமராமத்து நம்ம வழக்கம். அது தளர்ந்துவருவதைப் பார்த்துத்தான் வெள்ளைக்காரன் 1858-ல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் போட்டான். வழக்கமாக இருந்தது சட்டமாச்சு. கண்மாய் அரசாங்கத்தோடது என்று ஆனதும், ஊர்க்காரன் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டான். 2017-ல் அதே பெயரில் அரசு திட்டம் வந்தது, பணமும் வந்தது. வந்த பணத்தில் கரை பலமாச்சு. வருஷா வருஷம் மண்வெட்டி எடுக்கிற வழக்கம் மட்டும் திரும்பலை.

இப்போ சாவடிக்கு வர்றேன். நம்ம மந்தைச் சாவடி பனங்கை போட்ட நாட்டு ஓட்டுக் கூரை. சுண்ணாம்புக் காரைச் சுவர், மூணு பக்கமும் திண்ணை, கல்தூண். இப்போ வடமேற்கு மூலையில ஒழுகுது, ரெண்டு பனங்கை செல்லரிச்சுப் போச்சு. இடிச்சுட்டு கான்கிரீட்டுல சமுதாயக்கூடம் கட்டலாம்னு பேச்சு ஓடுது. வர்ற மே 1 கிராம சபையில தீர்மானத்துக்கு வரும்னு சொல்றாங்க.

சாவடி இருந்த மாதிரியே இருக்கணும்னு நான் சொல்லமாட்டேன். அந்தத் திண்ணையில எல்லாரும் உட்கார்ந்ததில்லைங்கிறது நமக்குத் தெரியும். தெருவுக்குத் தெரு மரியாதை மாறின காலம் அது. செருப்பைக் கையில் எடுத்துக்கிட்டு அந்த வழியாப் போனவங்க பிள்ளைங்க இன்னைக்கும் இந்த ஊர்லதான் இருக்காங்க. பொம்பளைங்க ஏறினதே இல்லை. "நம்ம பாரம்பரியச் சாவடி"ன்னு சொல்லும்போது அந்த "நம்ம"வுல அவங்களும் இருக்காங்களான்னு முதல்ல கேட்கணும். ஜென்னேக்காரன் உருளைக் கல்லை விட்டுட்டு வெள்ளைக்காரன் கல்லுக்கு மாறினானே, அது மாதிரி நாமளும் சிலதை விட்டுத்தான் ஆகணும். விட வேண்டியது பனங்கையும் திண்ணையும் இல்லை, யார் உட்காரலாம்ங்கிற அந்தப் பழைய கணக்கு.

பக்கத்துக் கிராமத்துல சில வருஷத்துக்கு முன்னால வந்த கூடத்தைப் பார்த்திருப்பீங்க. திண்ணை இல்லை, தாழ்வாரம் இல்லை. மத்தியானம் உள்ளே நிக்க முடியலை. சாவி ஒருத்தர் வீட்டுல. கல்யாணம், காதுகுத்துன்னா திறப்பாங்க, மத்த நாள் பூட்டு. வாசல்ல ஆடு படுத்திருக்கு. சாவடிக்குப் பூட்டே கிடையாது, கதவே இல்லாத கட்டடம் அது. களத்துல இருந்து வர்றவன் துண்டை உதறிப் போட்டு அரைமணி நேரம் கண்ணை மூடலாம். அந்த நிழலை ஒப்பந்தத்துல எந்த வரியில எழுதுவாங்க?

என் யோசனை இதுதான். ரெண்டு பனங்கை மாத்தணும். நம்ம மேட்டுக்காட்டுல வைரம் பாய்ஞ்ச பனை காய்ஞ்சு நிக்கிறது உண்டு, உயிரோட நிக்கிறதைத் தொட வேண்டியதில்லை. ஓட்டைப் பிரிச்சு மாட்டணும். சுவர்ல உதிர்ந்த காரையைச் சுரண்டிட்டு சுண்ணாம்புலயே பூசணும், சிமெண்ட் வேண்டாம். பழைய சுவர்மேல சிமெண்ட் பூசினா உள்ளே ஈரம் அடைபட்டுப் பொரிஞ்சு வந்துரும். ஒரு பக்கம் சாய்தளம் போடணும், பின்னாடி கழிப்பறை வேணும். இதுக்குப் பஞ்சாயத்துப் பணமும் பொறியாளரும் தேவைதான். ஆனா வருஷத்துக்கு ஒரு நாள், சித்திரையில, எல்லாத் தெருவுல இருந்தும் வீட்டுக்கு ஒரு ஆள் வந்து வெள்ளையடிச்சு, ஓட்டைத் திருப்பி, செடி முளைச்சதைப் பிடுங்குற வேலை ஊருடையதா இருக்கணும். எந்தத் தெருவுன்னு பார்க்காம, ஆம்பளை பொம்பளைன்னு பார்க்காம. வேலையில பங்கு எடுத்தவன் திண்ணையில உட்கார யார்கிட்டயும் கேட்க வேண்டியதில்லை.

இடிக்கணுமா வேண்டாமான்னு ஓட்டுக்கு விடுறதுக்கு முன்னால, "வருஷா வருஷம் யார் வந்து பூசுவீங்க, கை தூக்குங்க"ன்னு கேட்போம். போதுமான கை உயர்ந்தா சாவடி நிக்கும். உயரலைன்னா கான்கிரீட் கட்டினாலும் அது பூட்டின கூடமாத்தான் கிடக்கும். கருவூலத்துல எவ்வளவு இருக்குங்கிறது அதுக்கு அடுத்த கேள்வி.

கிராம சபைக்கு வந்துருங்க. வெளியூர்ல இருக்கிறவங்க கீழே உங்க ஊர்ச் சாவடி என்ன நிலைமையில இருக்குன்னு எழுதுங்க.